ரொட்டரி டூல் வாங்க முன்: வாட்ஸ், ஆர்பிஎம் கதைகளுக்கு அப்பால்

சிரட்டையில் ஒரு விளக்கு, தேக்குத் துண்டில் வீட்டுப் பெயர்ப்பலகை, கண்ணாடிக் கிளாஸில் ஒரு மீன். இந்த மாதிரிச் சின்ன வேலைகளைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் திருகோணமலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆசை வந்த கையோடு வருகிற கேள்வி, "என்ன மெஷின் வாங்கலாம்?" என்பதுதான். அதற்குக் கிடைக்கும் பதில்களில்தான் குழப்பமே தொடங்குகிறது. "வாட்ஸ் கூடினதாப் பார்த்து எடுங்கோ" என்பார் ஒருவர். "35,000 ஆர்பிஎம் இல்லாட்டிக் கண்ணாடியில ஒன்றும் விழாது" என்பார் இன்னொருவர். "வீட்டில ட்ரில் கிடக்கே, அதில பிட்டை மாத்திப் போட்டால் சரிதானே" என்று மூன்றாமவர் சுலபமாக முடித்துவிடுவார். மூன்றுமே பிழை. ஏன் பிழை என்று புரிந்துவிட்டால் எந்த மெஷின் உங்களுக்குச் சரி என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள், கடைக்காரரைக் கேட்கத் தேவையில்லை.

ரொட்டரி டூல் என்பது கைக்குள் அடங்கும் ஒரு மோட்டர், அதன் நுனியில் மாற்றி மாற்றிப் பூட்டக்கூடிய ஒரு சின்ன பிட், அவ்வளவுதான். பலர் இதை 'ட்ரெமெல்' என்றே சொல்வார்கள். அது ஒரு கம்பனியின் பெயர். ஆல்பர்ட் ட்ரெமெல் என்பவர் 1932இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் தொடங்கியது, 1993இல் இருந்து பொஷ் கம்பனிக்குச் சொந்தம். எங்கள் பக்கத்து ஹார்ட்வெயார் கடைகளில் 'மினி கிரைண்டர்', 'மினி ட்ரில்' என்று கேட்டாலும் இதைத்தான் எடுத்துத் தருவார்கள், சில வேளை டை கிரைண்டரைத் தந்துவிடுவார்கள். அது வேறு சாமான், பிறகு வருகிறேன்.

## இது பலத்தால் வேலை செய்கிற மெஷின் இல்லை

மேசை விளிம்பில் பூட்டி, கைபிடியைச் சுற்றித் தேங்காய் திருவும் திருவலையை நினைத்துக்கொள்ளுங்கள். பாதித் தேங்காயை இடது கையால் லேசாகப் பிடித்து, வலது கையால் சுற்றினால் பூ மாதிரி விழும். அவசரத்தில் தேங்காயை அமத்திப் பிடித்தால் என்ன நடக்கும்? கைபிடி இறுகி நிற்கும், விழுவது கட்டிகட்டியாக விழும், சிரட்டையின் கறுப்பும் சேர்ந்து வரும். ஒவ்வொரு பல்லும் ஒரு துளியைத்தான் எடுக்க வேண்டும், துளிகளின் எண்ணிக்கை கூடினால் வேலை தானாக நடக்கும்.

ரொட்டரி டூலும் அப்படியேதான். ஒரு சுற்றில் அது எடுப்பது மிகக் கொஞ்சம், ஆனால் நிமிடத்துக்கு 5,000 முதல் 30,000 சுற்றுக்கு மேலும் சுற்றுகிறது. ஆர்பிஎம் என்பது இந்த நிமிடச் சுற்றுக் கணக்குத்தான். வீட்டு ட்ரில் பெரும்பாலும் 3,000 சுற்றைத் தாண்டாது, ஆனால் பலமாகச் சுற்றும். அந்தச் சுற்றும் பலத்துக்கு முறுக்குவிசை என்று பெயர்.

மோட்டரின் வாட்ஸ் என்பது முறுக்குவிசையும் வேகமும் சேர்ந்த பெருக்கம். 500 வாட்ஸ் ட்ரில் 3,000 சுற்றிலும் 130 வாட்ஸ் ரொட்டரி டூல் 30,000 சுற்றிலும் ஓடுவதாக வைத்துக் கணக்குப் போட்டால், ட்ரில்லின் முறுக்குவிசை ஏறத்தாழ 40 மடங்கு. அதனால்தான் ரொட்டரி டூலை மரத்தில் அமத்தியவுடன் சத்தம் இறங்கி 'உர்ர்' என்று அழுகிறது. அது பழுது இல்லை, அதன் இயல்பு. ட்ரில்லில் சின்ன பிட்டைப் போட்டால் நடப்பது இதற்கு நேர் எதிர்: பலம் இருக்கிறது, வேகம் இல்லை, ஒவ்வொரு பல்லும் பெரிய துண்டாகக் கடிக்கப் பார்க்கிறது, பிட் துள்ளிக் கோட்டை விட்டு ஓடுகிறது.

சுருக்கமாக: ட்ரில் பலத்தால் துளைக்கிறது, ரொட்டரி டூல் வேகத்தால் சுரண்டுகிறது. ஒன்றின் வேலையை மற்றதிடம் கேட்கக்கூடாது.

## 30,000 என்று சொன்னால் அது எங்கே 30,000?

எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் மெதுவாகப் போவோம். மரமோ கண்ணாடியோ உணர்வது மோட்டரின் சுற்றை அல்ல. பிட்டின் வெளி விளிம்பு தன்னை உரசிக்கொண்டு என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதைத்தான் அது உணர்கிறது. இதை விளிம்பு வேகம் என்று சொல்லலாம். பிட் பெரிதானால் அதே சுற்றில் விளிம்பு கூடுதல் தூரம் ஓட வேண்டும், ஆகவே வேகம் கூடும்.

30,000 சுற்றில் 1 மி.மீ. உருண்டை பிட்டின் விளிம்பு வினாடிக்கு ஒன்றரை மீற்றர் போகிறது, மனிதர் விறுவிறு என்று நடக்கிற வேகம். 3 மி.மீ. பிட் என்றால் கிட்டத்தட்ட 4.7 மீற்றர். அதே மெஷினில் 32 மி.மீ. வெட்டும் தட்டைப் பூட்டினால் விளிம்பு வினாடிக்கு 50 மீற்றர், அதாவது மணிக்கு 180 கிலோமீற்றர். மெஷின் ஒன்று, சுவிட்ச் இருக்கும் இடம் ஒன்று, நுனியில் நடப்பதோ முப்பது மடங்கு வித்தியாசம்.

ஆகவே "கண்ணாடிக்கு எத்தனை ஆர்பிஎம்?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த அளவுப் பிட் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். சின்ன பிட்டுக்கு வேகத்தைக் கூட்டலாம், பெரிய பிட்டுக்குக் குறைக்க வேண்டும். கம்பித் தூரிகை, பொலிஷ் பண்ணும் பஞ்சு மாதிரிச் சில உதிரிகளுக்கு 15,000தான் உச்சம் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். அதை மீறினால் கம்பித் தூரிகை கம்பிகளை நாலாபக்கமும் எறியும். மெஷினில் 35,000 இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் 35,000இல் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் நான் இரண்டு அடி தள்ளி நிற்பேன்.

இதிலிருந்து வாங்குகிறவருக்குக் கிடைக்கும் பாடம் கொஞ்சம் வித்தியாசமானது: பெட்டியில் மேல் எண்ணைவிடக் கீழ் எண் முக்கியம். 5,000 வரை இறங்குகிற, நடுவில் விரும்பிய இடத்தில் நிறுத்தக்கூடிய மெஷின், 15,000இல் தொடங்கி 40,000 வரை போகிற மெஷினைவிட எங்கள் வேலைக்கு எவ்வளவோ நல்லது.

## உள்ளே இருக்கும் மோட்டர்

பிளக்கில் குத்துகிற மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது கரித்துண்டு மோட்டர். சுற்றும் பகுதிக்குக் கரண்டைக் கொண்டுபோக இரண்டு சின்னக் கரித்துண்டுகள் அதை உரசிக்கொண்டே இருக்கும். அவை தேயும், மாற்ற வேண்டும். வாங்கும்போதே "கரி கிடைக்குமா, வெளியிலிருந்தே கழற்றலாமா" என்று கேளுங்கள். கேட்டால் கடைக்காரரும் உங்களைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்.

இந்த மோட்டரைக் குளிர்விக்கும் விசிறி அதே அச்சில்தான் பூட்டியிருக்கிறது. வேகத்தைக் குறைத்தால் விசிறியும் மெதுவாகச் சுற்றும், காற்றுக் குறையும். குறைந்த வேகத்தில் வைத்துக்கொண்டு அமத்தி வேலை செய்தால் மெஷின் சூடாகிக் கருகல் மணம் வருவது இதனால்தான். குறைந்த வேகம் என்றால் கையும் லேசாக இருக்க வேண்டும், இடைக்கிடை வெறுமனே வேகமாகச் சுற்றவிட்டு ஆற விட வேண்டும். விலை கூடிய சில மொடல்களில் பாரம் ஏறும்போது சுற்று இறங்காமல் கரண்டைத் தானாகக் கூட்டிக்கொடுக்கும் ஒரு மின்சுற்று உள்ளே இருக்கும். மரச் செதுக்கலுக்கு அதற்காகக் கூடுதல் காசு கொடுப்பது வீண் இல்லை.

கனடாவில் இருந்து மாமா, சித்தப்பா யாராவது மெஷின் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால், முதலில் வோல்ட்டைக் கேளுங்கள். அங்கே 120 வோல்ட், எங்களுக்கு 230. பிளக்கை மட்டும் மாற்றிக் குத்தினால் புது மெஷின் புகைந்துவிடும். லண்டனில் இருந்து வருவது என்றால் அந்தப் பிரச்சினை இல்லை, எங்கள் வோல்ட்டுக்குச் சரியாகவே வரும். மற்றவர்கள் பெட்டியின் பின்பக்கத் தகட்டில் 220–240 என்று இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தால் போதும்.

## மரத்தில் என்ன நடக்கிறது

மரம் நார்களால் ஆனது. அதற்குத் தேவை பல். டங்ஸ்டன் கார்பைட் பிட்டில் கூரான பற்கள் இருக்கும், அவை நாரை வெட்டி எடுக்கின்றன. கார்பைட் என்பது உருக்கைவிடக் கடினமான ஒரு கலவை, கூர் எளிதில் மழுங்காது. சாதாரண உருக்கு பிட் மென்மையான மரத்துக்கு நன்றாக வெட்டும், விலையும் குறைவு, ஆனால் தேக்கில் சீக்கிரம் மழுங்கும். தேக்குக்குள் இயற்கையாகவே நுண்ணிய சிலிக்கா இருக்கிறது, அது கூரைத் தின்றுவிடும். மழுங்கிய பிட்டை வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினால் வெட்டு நடக்காது, உராய்வுதான் நடக்கும். மரம் கறுத்துப் புகை வரும்.

எங்கள் பக்கத்து மரங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். முதிரை இறுக்கமானது, நல்ல மெருகு வரும், ஆனால் நார் வளைந்து வளைந்து ஓடுவதால் ஒரு பக்கம் வழுவழு என்று போகிற பிட் அடுத்த விரல் அகலத்தில் நாரைப் பிடுங்கும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொடுக்கும், முழுக்கைச் சட்டை போடுங்கள். பனையில் கறுப்பு நார் கல் மாதிரி, நடுவில் உள்ள பகுதி மென்மை, பிட் இரண்டுக்கும் இடையில் துள்ளும். தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது சிரட்டைதான். காசு இல்லை, எல்லா வீட்டிலும் கிடைக்கும், நாரோட்டப் பிரச்சினை குறைவு, பிழைத்தால் அடுப்புக்குப் போகும். வெளிப் பக்கத்தை மணல்தாள் உருளையால் சுத்தம் பண்ணிவிட்டு, பென்சிலால் கோடு போட்டு, 2 மி.மீ. உருண்டைக் கார்பைட்டால் அந்தக் கோட்டில் போய்ப் பாருங்கள். பழுப்புத் தூள் மெல்லியதாகப் பறந்தால் வேகம் சரி, எரிந்த மணம் மூக்கில் ஏறினால் வேகம் கூட அல்லது கை பாரம்.

திசையும் முக்கியம். மரத்தைத் தொட்டவுடன் பிட் தானாக ஒரு பக்கம் உருண்டு ஓடப் பார்க்கும். அது ஓடப் பார்க்கும் பக்கத்துக்கு எதிராகக் கையை நகர்த்துங்கள். அதன் போக்கிலேயே விட்டால் கோட்டைத் தாண்டி ஓடி, நீங்கள் செதுக்குகிற முகத்துக்கு மீசை வரைந்துவிடும்.

## கண்ணாடியில் வெட்டே நடப்பதில்லை

கண்ணாடியில் நார் இல்லை, பல் கடித்து எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. கார்பைட் பல்லை அதில் வைத்தால் ஒன்று வழுக்கும், இல்லாவிட்டால் சில்லாகத் தெறிக்கும். கண்ணாடிக்குத் தேவை தேய்ப்பு. கண்ணாடியைவிடக் கடினமான துகள் ஒன்று அதன் மேல் அமத்தும்போது, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சில்லு ஒன்று பெயர்ந்து வருகிறது. இப்படி இலட்சக்கணக்கில் சின்னக் குழிகள் விழ, அந்த இடத்தில் பட்ட வெளிச்சம் நேராகப் போகாமல் எல்லாப் பக்கமும் சிதறுகிறது, எங்கள் கண்ணுக்கு அது வெள்ளைப் பனி மூட்டமாகத் தெரிகிறது. கிளாஸில் நீங்கள் பார்க்கும் வெள்ளை மீன் உண்மையில் குழிகளின் கூட்டம்.

கடினத்தை அளக்க மோஸ் அளவுகோல் என்று ஒன்று உண்டு, 1 முதல் 10 வரை, எண் கூடியது குறைந்ததைக் கீறும். சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 5.5. கடற்கரை மணலில் உள்ள குவார்ட்ஸ் 7, நிலாவெளிக்குப் போய்வந்த போன் திரையில் கோடு விழுவதற்கு அதுதான் காரணம். பச்சை நிறத்தில் வரும் சிலிக்கன் கார்பைட் கல் 9க்கு மேல், வைரம் 10. ஆகவே கண்ணாடிக்கு வைர பிட், இல்லாவிட்டால் பச்சைக் கல். பெயரில் கார்பைட் என்று வருவதால் மரத்துக்கான கார்பைட் பிட்டோடு பச்சைக் கல்லைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஒன்று பல் உள்ள உலோகம், மற்றது தேய்க்கும் கல்.

மலிவான வைர பிட்டில் வைரத்தூள் ஒரே ஒரு அடுக்குத்தான், நிக்கல் முலாமால் ஒட்டியிருக்கும். அமத்தினாலோ சூடாக்கினாலோ அந்த அடுக்கு உரிந்து வெறும் கம்பி மிஞ்சும். மரத்தில் வைர பிட்டை ஓட்டுவதும் இதே கொலைதான். துகள்களுக்கு இடையே மரத்தூள் அடைத்து, எரிந்து, பிட் கறுப்புக் குச்சியாகிவிடும்.

சூடு கண்ணாடிக்கும் ஆகாது. கண்ணாடி வெப்பத்தை எளிதில் பரப்பாது, தேய்க்கிற புள்ளி மட்டும் சூடாகி விரியும், பக்கத்து இடம் குளிராகவே இருக்கும், இழுபறியில் விரிசல் ஓடும். அதனால் தண்ணீர் வேண்டும். நனைத்த ஸ்பொஞ்சால் இடைக்கிடை துடைத்தாலே போதும். தண்ணீரும் தூளும் கலந்து வெள்ளைக் குழம்பாக நிற்பது நல்ல அறிகுறி, தூள் காற்றில் ஏறவில்லை என்று அர்த்தம். ஆனால் கையில் இருப்பது 230 வோல்ட் மெஷின் என்பதை மறக்க வேண்டாம்: நுனி கீழே பார்த்தபடி இருக்கட்டும், தண்ணீர் அச்சு வழியாக மோட்டருக்குள் போகக்கூடாது, வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அமத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

1 அல்லது 2 மி.மீ. வைர உருண்டைக்கு 15,000ஐச் சுற்றி வைத்துத் தொடங்கலாம். படத்தைத் தாளில் வரைந்து கிளாஸின் உள்ளே ஒட்டினால், வெளியே அந்தக் கோட்டின் மேல் அப்படியே ஓட்டலாம், கைவண்ணம் தேவையில்லை. முதலில் பழைய ஜாம் போத்தலில் பழகுங்கள், தடித்த கண்ணாடி, போனால் போகட்டும்.

தொடவே கூடாதது கடினப்படுத்திய கண்ணாடி: வாகனங்களின் பக்கக் கண்ணாடி, குளியலறைக் கதவு, சில மேசை மேல் கண்ணாடி. அதன் மேற்பரப்பு இறுக்கத்திலும் உட்பகுதி இழுவையிலும் இருக்கிறது. மேல் அடுக்கைத் தாண்டி உள்ளே போனால் கோடு விழாது, முழுத் துண்டும் ஒரே நொடியில் கற்கண்டாக உதிரும். பொறித்த கிளாஸில் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் ஊற்றுவதும் வேண்டாம், குழி விழுந்த கண்ணாடி பழைய பலத்தில் இருக்காது. கிறீம் பூசிக் கழுவிக் கண்ணாடியை வெள்ளையாக்கும் முறை முற்றிலும் வேறு, அது புளோரைட் இரசாயனம், தோலுக்கு ஆபத்து, மெஷினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதுவரை சொன்னதைக் கையில் பிடித்துக்கொள்ள ஒரு வரி: மரத்துக்குப் பல், கண்ணாடிக்குத் துகள், மரத்தில் சூட்டை மணத்தால் கண்டுபிடிக்கலாம், கண்ணாடியில் விரிசல் விழுந்த பிறகுதான் தெரியும்.

## கொலெட்: யாரும் கேட்காத கேள்வி

பிட்டின் தண்டைச் சுற்றிப் பிடிக்கும் பிளவுபட்ட சின்னக் குழாய்க்குப் பெயர் கொலெட். மேலே உள்ள நட்டை இறுக்கினால் அது சுருங்கித் தண்டை எல்லாப் பக்கமும் சமமாகப் பிடிக்கும். ஒவ்வொரு கொலெட்டும் ஒரு அளவுக்குத்தான். ரொட்டரி டூல்களில் அதிகம் வருவது 3.2 மி.மீ., அடுத்தது 2.4. நகைப் பட்டறையிலும் பல் வைத்தியத்திலும் பயன்படும் நல்ல பிட்கள் பல 2.35 மி.மீ. தண்டில் வரும், அவை 2.4இல் பொருந்தும். மலிவான வைர பிட் செட்கள் பல 3 மி.மீ. தண்டில் வரும். 3.2 கொலெட் சில அதைப் பிடிக்கும், சில பிடித்த மாதிரிக் காட்டிவிட்டு வேலையின் நடுவில் விடும். மெஷினும் பிட்டும் ஒரே கடையில் வாங்கினால் அங்கேயே பூட்டிப் பாருங்கள்.

பூட்டிப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது தள்ளாட்டம், அதாவது பிட் தன் நடுக்கோட்டில் நில்லாமல் ஆடிச் சுற்றுவது. மரத்தில் கொஞ்சம் ஆடினால் சமாளிக்கலாம். கண்ணாடியில் ஆடினால் பிட் தேய்க்காது, தட்டும், வினாடிக்கு நூற்றுக்கணக்கான சின்னச் சுத்தியல் அடி. கோட்டின் ஓரம் பிசிறாக வருவதற்கும் பிட்டின் வைரம் சீக்கிரம் உரிவதற்கும் பாதிக் காரணம் இதுதான், பழி மட்டும் பிட்டின் மேல் விழும். கடையில் மெல்லிய நேரான பிட் ஒன்றைப் பூட்டி, குறைந்த வேகத்தில் சுற்றவிட்டு நுனியைப் பாருங்கள். ஒற்றைக் கூராகத் தெரிந்தால் நல்லது. நிழல் மாதிரி இரட்டையாக, தடித்துத் தெரிந்தால் அடுத்த மெஷினை எடுத்துத் தரச் சொல்லுங்கள். பிட்டை நுனி மட்டும் தெரியும்படி முடிந்தவரை உள்ளே விட்டுப் பூட்டுவது உங்கள் பொறுப்பு. நீளமாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் மெல்லிய தண்டு உயர்ந்த வேகத்தில் வளைந்துவிடும்.

## சரி, எதை எடுப்பது?

பெருஞ்சிலை, கதவு நிலைச் செதுக்கல் என்று யோசிக்கிறவர்களுக்கு இந்த மெஷினே பொருந்தாது, அவர்கள் பெரிய தட்டுப் பூட்டி வெட்டும் அங்கிள் கிரைண்டர் பக்கம் போக வேண்டும். டை கிரைண்டர் 6 மி.மீ. தண்டுக்கானது, பலம் கூட, ஆனால் பலவற்றில் வேகத்தைக் குறைக்கவே முடியாது. கண்ணாடிக்கு அது சரிவராது.

பேனை மாதிரிச் சின்ன பற்றரி மெஷின்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. கண்ணாடி மட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால் அது போதும் என்பது என் அபிப்பிராயம்: எடை இல்லை, கை களைக்காது, தண்ணீருக்குப் பக்கத்தில் 230 வோல்ட் இல்லை, கரண்ட் போனாலும் வேலை நிற்காது. மரத்தில் வைத்தால் அது திணறும்.

மரமும் கண்ணாடியும் இரண்டும் வேண்டும் என்றால் 130 முதல் 175 வாட்ஸ், 5,000 சுற்றுவரை இறங்கும், 3.2, 2.4 இரண்டு கொலெட்டும் கிடைக்கும் பிளக் மெஷின். அதோடு வளையும் தண்டு ஒன்று: மோட்டரைக் கொக்கியில் தொங்கவிட்டு, அதிலிருந்து வரும் வளையும் குழாயின் நுனியில் பேனை அளவுத் தடிப்பில் ஒரு பிடி. நகைப் பட்டறைகளில் தொங்கும் மோட்டரும் இதே முறைதான், கால் மிதியில் வேகம். அரை மணிநேரம் மெஷினை முழுதாகக் கையில் பிடித்து வேலை செய்த பிறகு அதன் அருமை மணிக்கட்டுக்குத் தெரியும். கண்ணாடித் தண்ணீரும் மோட்டரை விட்டுத் தூரத்தில் இருக்கும்.

"நூறு உதிரிகள் இலவசம்" என்ற பெட்டியில் மயங்க வேண்டாம். அதில் பாதி வெட்டும் தட்டும் பஞ்சும்தான். அந்தக் காசுக்கு இரண்டு நல்ல கார்பைட், 60, 120 துகள் இலக்கத்தில் மணல்தாள் உருளை, 1, 2 மி.மீ. வைர உருண்டை, ஒரு வைரக் கூம்பு வாங்கினால் நீண்ட நாள் ஓடும்.

கண்ணுக்கு மூடிய கண்ணாடி, மூக்குக்கு என்95 மாஸ்க், இரண்டும் மெஷினோடு சேர்த்தே வாங்குங்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் வகைப்படுத்தியிருக்கிறது, துணியைக் கட்டிக்கொண்டால் அது தடுக்காது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளியே இருந்து வேலை செய்தால் காற்றுக்கு முதுகு காட்டி இருங்கள், முகத்துக்கு நேரே தூள் வராது. வாடை தொடங்கினால் உருக்கு பிட்களும் கொலெட்டும் கடல் காற்றில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் தடவி, மூடியுள்ள போத்தலில் போட்டு வையுங்கள், கண்ணாடி வேலைக்குப் போட்ட கொலெட்டை முதலில் நன்றாகக் காயவிட்டு.